பின்னால் போகத் தெரியாத வண்டி

கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் அவ்வப்போது புது ஸ்கூட்டர்கள் வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொன்றின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் கூடுதலாக ஒவ்வொரு சக்கரம். அமைச்சரோ ஆட்சியரோ சாவி கொடுப்பார், படம் எடுக்கப்படும், எத்தனை பேருக்கு எத்தனை லட்சம் ரூபாயில் வழங்கப்பட்டது என்று மறுநாள் செய்தி வரும். இரு கால்களும் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசு இலவசமாகத் தரும் 'இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்' இதுதான். நல்ல திட்டம், அதில் சந்தேகமில்லை. பேருந்துப் படியேற முடியாதவர்களை வேலைக்கும் கல்லூரிக்கும் கொண்டு சேர்த்த திட்டம். ஆனால் கொடுத்த கணக்கு மட்டுமே செய்தியாகிறது. வாங்கியவர் அந்த வண்டியோடு என்ன பாடுபடுகிறார் என்பது எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

பாடு, வண்டியை வெளியே எடுப்பதிலேயே தொடங்கிவிடுகிறது. சாதாரண ஸ்கூட்டர்காரர் காலை ஊன்றி வண்டியைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார். அதனால்தான் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ரிவர்ஸ் கியர் வைக்கும் வழக்கமே வரவில்லை. அதே ஸ்கூட்டரை, காலை ஊன்ற முடியாதவருக்கு இரண்டு சக்கரம் சேர்த்துக் கொடுத்தால் அவர் எப்படிப் பின்னால் வருவார்? காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் கடை வாசலில் நிறுத்திவிட்டால், "ஏனுங்ணா, கொஞ்சம் பின்னாடி இழுத்து உடறீங்களா?" என்று வழியில் போகிறவரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். யார் தயவும் இல்லாமல் போய்வரக் கொடுத்த வண்டி, நிறுத்துகிற இடத்திலெல்லாம் ஒருவர் தயவைத் தேட வைக்கிறது.

ஆட்டோவில் ரிவர்ஸ் கியர் உண்டு. கனடாவின் பி.ஆர்.பி. நிறுவனம் 2007-ல் கொண்டுவந்த 'கேன்-ஆம் ஸ்பைடர்' என்ற மூன்று சக்கர பைக்கிலும் உண்டு. அது பொழுதுபோக்காக ஊர் சுற்றுகிறவர்கள் வாங்கும் விலையுயர்ந்த வண்டி. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஏபிஎஸ் பிரேக், வண்டி கவிழாமல் பார்த்துக்கொள்ளும் மின்னணு அமைப்பு எல்லாம் சேர்ந்தே வந்தன. அப்படியும் வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. மூன்று சக்கரமும் மூன்று தடத்தில் ஓடுவதால் எந்தக் குழிக்கும் தப்ப முடியவில்லை, எஞ்சின் சூடு காலில் அடிக்கிறது என்று குறை சொன்னார்கள். 2014-ல் அதன் நெடும்பயண மாடலுக்குப் புது எஞ்சினும் திருத்திய குளிர்விப்பும் வந்தன. காசு கொடுத்து வாங்குகிறவர் குறை சொன்னால் கம்பெனி கேட்டுத்தான் ஆக வேண்டும். இலவசமாக வாங்கியவர் குறை சொன்னால், "கொடுத்ததே பெரிசு" என்கிறார்கள்.

ஸ்பைடரின் மூன்று தடச் சிக்கல் நம் ஸ்கூட்டருக்கும் அப்படியே உண்டு. அதற்கு மேல் அதற்கே உரிய கோளாறு ஒன்றும் இருக்கிறது. ஊரார் இதை மூன்று சக்கர வண்டி என்றாலும், எண்ணிப் பார்த்தால் சக்கரம் நான்கு: முன்னால் ஒன்று, பின்னால் நடுவில் ஒன்று, அதன் இருபுறமும் ஒவ்வொன்று. முக்காலியை எந்தக் கரட்டுத் தரையில் வைத்தாலும் ஆடாது. நாற்காலி ஆடும், ஒரு கால் தூக்கிக்கொள்ளும். இங்கே தூக்கிக்கொள்வது பெரும்பாலும் நடுச்சக்கரம். எஞ்சின் இழுப்பதும் அந்தச் சக்கரத்தைத்தான், பின் பிரேக் பிடிப்பதும் அதைத்தான். தார் ரோட்டின் ஓரம் பள்ளமாகி, பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் ஏறி நின்றால் நடு டயர் அந்தரத்தில் சுற்றும், வண்டி நகராது. அதே நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரேக் பிடித்தால் பிடிமானம் பாதிகூட இருக்காது. பக்கச் சக்கரங்களுக்குப் பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கே கிடையாது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான இரு சக்கர வாகனங்களுக்கு முன்பின் பிரேக்கை இணைக்கும் அமைப்பு கட்டாயம் என்று மத்திய அரசு விதித்தது. அது இரண்டு சக்கரத்துக்கு எழுதிய கணக்கு. கூட்டிய இரண்டு சக்கரமும், அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் எடையும் அந்தக் கணக்கில் இல்லை.

வளைவில் வேறு தொல்லை. இரு சக்கர வண்டி சாய்ந்து திரும்பும். அதன் டயர் உருண்டையாக இருப்பதும், சட்டமும் முன் ஃபோர்க்கும் அமைந்திருப்பதும் அதற்காகவே. பக்கத்தில் சக்கரம் கட்டிவிட்டால் சாய முடியாது. வண்டி கார்போலத் திரும்ப, உட்கார்ந்திருப்பவர் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். காலை ஊன்றி உடம்பை நிறுத்த முடியாதவர் ஹேண்டில்பாரைத்தான் பற்றிக்கொள்வார். அதைப் பிடித்துத்தான் வண்டியையும் திருப்ப வேண்டும். இந்த வண்டியோடு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுவதும், பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 வளைவு ஏறுவதும் என்ன பாடு என்று ஓட்டியவர்களைக் கேட்க வேண்டும். மலைப்பாதை வேண்டாம், சமதரையில் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முதுகுக்குச் சாய்மானம் இல்லாத சீட்டில், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்க, அந்தத் தூரமே போதும்.

சின்னச் சின்னக் குறைகள்தான் அதிகம் வலிக்கும். சீட்டுக்கு அடியில் பெட்ரோல் மூடி இருக்கும் ஸ்கூட்டரில், பங்கில் ஒவ்வொரு முறையும் இறங்கியாக வேண்டும். ஊன்றுகோலை எடுத்து, இறங்கி, சீட்டைத் தூக்கி, மறுபடி ஏற வேண்டும்; பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடிப்பார். டிவிஎஸ் ஜூப்பிட்டரும், 2020-ல் வந்த ஆக்டிவா 6ஜியும் மூடியை வெளியே வைத்தன. ஜூப்பிட்டர் 125 மூடியை முன்பக்கம் வைத்து, டேங்கைக் கால்மிதிக்கு அடியில் இறக்கியது. யாருக்காகச் செய்தார்களோ, மிகப் பெரிய நிம்மதி இவர்களுக்கு. பேட்டரி இறங்கிவிட்டால் கிக்கர் இருந்தும் பயனில்லை. ஊன்றுகோல் வைக்க ஒரு கொக்கி, கால் நழுவாமல் ஒரு பட்டை, சக்கர நாற்காலியை மாட்ட ஒரு தாங்கி ஆகியவற்றை வாங்கியவரே பட்டறையில் காசு கொடுத்து வெல்டிங் வைத்துக்கொள்கிறார். வண்டியில் போய் இறங்கிய இடத்தில் சக்கர நாற்காலி இல்லையென்றால், போனதற்கு என்ன பலன்?

வண்டி மாறாமல் இருக்க, ஓட்டுகிறவர் மாறிக்கொண்டிருக்கிறார். ஒரு தலைமுறைக்கு முன் இந்த வண்டியில் அமர்ந்தவர்களில் பலர் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர்கள். கையிலும் தோளிலும் வலு இருக்கும், காலில் உணர்ச்சியும் இருக்கும். இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் ஹௌராவில் பதிவானது. 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. இன்று சாலை விபத்திலும், கட்டட வேலையிலும், தென்னை மரத்திலிருந்து விழுந்தும் முதுகுத்தண்டு முறிந்தவர்கள் வண்டி கேட்டு வருகிறார்கள். இவர்களில் பலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சைலன்சர் சுட்டாலும் தெரியாது. கடின சீட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் படுக்கைப் புண் வரும், வந்ததும் உடனே தெரியாது. ஸ்பைடர்காரருக்கு எஞ்சின் சூடு எரிச்சல். இவர்களுக்கு அது ஆஸ்பத்திரி.

சக்கர நாற்காலியை விட்டு இறங்காமலே போக ஒரு வழியை ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய 'நியோபோல்ட்' காட்டியிருக்கிறது. நாற்காலியின் முன்னால் மோட்டார் சக்கரத்தை மாட்டினால் அதுவே மூன்று சக்கர வண்டி. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை. பீளமேட்டுக்குள் சுற்ற அருமை, பொள்ளாச்சி ரோட்டுக்கு ஆகாது. ஒரே வண்டி எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கு இதுவே சாட்சி.

இதைப் பிரிட்டன் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 'இன்வாகார்' என்ற ஒற்றை இருக்கை மூன்று சக்கர வண்டியை அந்நாட்டு அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கியது. பக்கக் காற்று அடித்தால் தள்ளாடும். பெண்டாட்டி பிள்ளையை ஏற்ற முடியாது. ஓட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 1974-ல் லேடி ஷார்ப் அறிக்கை, இதற்குப் பதில் சிறிய கார் கொடுங்கள் என்றது. 1977-ல் 'மோட்டபிலிட்டி' திட்டம் வந்தது. உதவித்தொகையைக் கொண்டு தமக்குப் பொருந்தும் வண்டியை அவரவரே தேர்ந்துகொள்ளலாம் என்றானது. 2003-ல் கடைசி இன்வாகார்களும் சாலையிலிருந்து விலக்கப்பட்டன.

இங்கே சட்டத்துக்குக் குறைவில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவு, கட்டுப்படியாகும் செலவில் தனிப்பட்ட போக்குவரத்துக்கும், வாகனங்களை மாற்றியமைப்பதற்கும் அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. கொங்கு நாட்டில் கைத்திறனுக்கும் குறைவில்லை. 1937-லேயே மோட்டார் செய்த ஊர் கோவை. ஸ்பீடாமீட்டர் செய்யும் பிரிக்காலும் ஹாரன் செய்யும் ரூட்ஸும் இங்கேதான் இருக்கின்றன. ஹேமலதா அண்ணாமலை 2008-ல் ஆம்பியர் மின் ஸ்கூட்டரைத் தொடங்கியதும் இங்கேதான். கணபதியிலும் சிட்கோவிலும் எத்தனையோ லேத் பட்டறைக்காரர்களுக்கு, பக்கச் சக்கரத்தின் ஷாக்கை எவ்வளவு தளர்த்தினால் நடு டயர் தரையில் நிற்கும் என்பது கைப்பழக்கத்தில் தெரியும். அந்த அறிவு ஒப்பந்தப்புள்ளி ஆவணத்துக்குள் போகவில்லை, அவ்வளவுதான்.

போக வைப்பது கடினமான காரியம் இல்லை. டிவிஎஸ் ஐக்யூப், ஏதர், பஜாஜ் சேத்தக் போன்ற மின் ஸ்கூட்டர்களில் சுவிட்சைத் தட்டினால் வண்டி பின்னால் வரும். அப்படியிருக்க, அரசு வாங்கும் வண்டியிலும் ரிவர்ஸைக் கட்டாயமாக்கலாம். பக்கச் சக்கரத்துக்குத் தனி பிரேக்கும், தனியாக ஏறி இறங்கும் ஷாக்கும், சாய்மானமும், சூடு தடுப்பும், நாற்காலித் தாங்கியும் விவரக்குறிப்பில் ஏற வேண்டும். போலியோ வந்தவருக்கு ஒரு மாதிரி, முதுகுத்தண்டு முறிந்தவருக்கு இன்னொரு மாதிரி என்று தேர்வு இருக்க வேண்டும். கொடுத்து ஆறு மாதம் கழித்து அதே வளாகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்ப்பு நாளில் வண்டிகளை வரவழைத்து, என்ன உடைந்தது, எதை வெல்டிங் வைத்தார்கள் என்று எழுதிக்கொண்டால், அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்கான விவரக்குறிப்பு பாதி தயார். மாதிரி வண்டியைச் சோதிக்கப் பாதையும் இங்கேயே இருக்கிறது: மருதமலை ஏற்றம், மழை பெய்த மறுநாள் அவிநாசி ரோட்டுக் கீழ்ப்பாலம், உக்கடம் சந்தை நெரிசல். ஓட்டுகிறவர் மட்டும், அந்த வண்டியை வாங்கப்போகும் ஒருவராக இருக்கட்டும்.