புகையா, பனியா?

“நெருப்பில்லாமல் புகையுமா?” ஒருவருடைய மானத்தை வாங்க நம் பக்கத்தில் இந்த ஒரு கேள்வி போதும். சாட்சி வேண்டாம், ஆவணம் வேண்டாம். கேட்டவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். பெஞ்சில் இருக்கும் ஐந்து பேரும் தலையை ஆட்டுவார்கள். தீர்ப்பு ஆகிவிட்டது.

பழமொழியில் தவறு ஒன்றும் இல்லை. புகை இருந்தால் நெருப்பு இருக்கத்தான் வேண்டும். மலை மேல் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்பதுதான் நம் நாட்டுத் தர்க்க நூல்களில் காலம் காலமாக வரும் உதாரணம். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நாம் பார்த்தது புகைதானா? மார்கழி விடியற்காலையில் எங்கள் இரும்பை ஏரிப் பக்கம் வந்து பாருங்கள். தண்ணீர் மேல் வெள்ளையாக எழும்பி நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவன், யாரோ வைக்கோல் போரைக் கொளுத்திவிட்டார்கள் என்று சத்தியமே செய்வான். கிட்டே போனால் முகத்தில் ஈரம்தான் படும்.

இது என் சொந்தச் சரக்கு அல்ல. மணிமேகலையில் இருக்கிறது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்தக் காலத்தில் எங்களுக்குத் தமிழ் என்பது வீட்டில் பேசுகிற பாஷை, அவ்வளவுதான். ஐம்பெருங்காப்பியங்களில் கை வைத்ததெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு, உரை நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அமுதசுரபியில் சோறு வற்றாத கதை எல்லோருக்கும் தெரியும். 29ஆம் காதையான ‘தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதை’யை மட்டும் எவரும் தொடுவதில்லை. அதில் கதையே கிடையாது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உட்கார்த்தி வைத்துத் தர்க்கம் சொல்லிக் கொடுக்கிறார். 1898இல் உ.வே.சாமிநாதையர் இந்த நூலைப் பதிப்பித்தபோது இதன் பௌத்தக் கலைச்சொற்களோடு அவர் பட்ட பாடு சிறிதல்ல.

அறவண அடிகள் சொல்வதன் சாரம் இது. ஒரு வாதத்தில் மூன்று உறுப்புகள் பார்க்க வேண்டும். நாம் நிலைநாட்ட நினைப்பது பக்கம். அதற்குக் காட்டும் காரணம் ஏது. துணைக்குக் கொண்டு வரும் உதாரணம் திட்டாந்தம். இந்த மூன்றுக்கும் போலி உண்டு. பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10, ஆக 33. ‘தர்க்கப் பிழை’ என்று இப்போது எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பழைய ‘போலி’ என்ற சொல்தான் பிடித்திருக்கிறது. பிழை என்றால் பார்த்தவுடன் பிழை என்று தெரியும். போலி அப்படியில்லை, அசலைப் போலவே இருக்கும். கள்ள நோட்டு மாதிரி.

ஆவியா பனியா என்று ஐயமாக இருப்பதையே புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என்று துணிவது ஏதுப் போலியில் ஒரு வகை. காரணமே இன்னும் உறுதியாகவில்லை, அதற்குள் முடிவுக்குப் போயாயிற்று. இன்னொரு வகைக்கு அநைகாந்திகம் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் இந்த 33இல் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்வது என்றால் இதைத்தான் தெரிந்துகொள்ளச் சொல்வேன். இதில் காட்டும் காரணம் உண்மையாகவே இருக்கும். யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே காரணம் எதிர்ப்பக்கத்துக்கும் அப்படியே பொருந்தும். பொதுவான அடையாளத்தைத் தனி அடையாளமாக எடுத்துக்கொள்வது.

புரிகிற மாதிரி சொல்கிறேன். 2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் வட மாவட்டங்கள் முழுக்க வதந்தி. அந்த நேரத்தில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கோயிலுக்குக் காரில் கிளம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் ஒரு கிராமத்தில் நிறுத்துகிறது. காரில் வந்தவர்களில் 65 வயதுப் பெண்மணி ஒருவர். அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு அவர் சாக்லெட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் சாக்லெட் கொடுத்துத்தான் கூப்பிடுவார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் ‘தெரியும்’. கூட்டம் கூடியது. அந்த அம்மாள் அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்களுக்குப் பலத்த காயம். சுமார் 100 கிலோமீட்டர் தூரம், எங்களுக்கு ஒன்றும் தூர தேசம் இல்லை.

சாக்லெட் கொடுத்தது உண்மை. வெளியூர்க்காரர் என்பதும் உண்மை. பிள்ளை பிடிக்கிறவன் சாக்லெட் கொடுப்பான் என்பதைக்கூட ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். ஆனால் உலகத்தில் குழந்தைக்குச் சாக்லெட் கொடுக்கிற கைகளில் ஆயிரத்தில் எத்தனை பிள்ளை பிடிக்கிற கை? பேரன் பேத்தி எடுத்த எந்தப் பாட்டியின் கைப்பையைத் திறந்தாலும் இரண்டு மிட்டாயாவது இருக்கும். அந்த அடையாளம் பாட்டிக்கும் பொருந்தும், திருடனுக்கும் பொருந்தும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கோபத்தில் இருந்த கூட்டத்தில் ஒருவருக்காவது இது தோன்றியிருக்கும், வாய் திறந்திருக்க மாட்டார்.

அரசு அலுவலகத்தில் இதன் சிறிய வடிவத்தை வருஷத்துக்கு நாலு முறை பார்ப்போம். மொட்டைக் கடிதம் என்று அதற்குப் பெயர். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். எண்பதுகளில் ஓர் இளம் எழுத்தர் புது ஸ்கூட்டர் வாங்கினார். பத்தே நாளில் மேலிடத்துக்குக் கடிதம்: இவர் லஞ்சம் வாங்குகிறார், ஸ்கூட்டரே சாட்சி. லஞ்சம் வாங்குகிறவன் ஸ்கூட்டர் வாங்குவான், வாஸ்தவம். சீட்டு எடுத்தவனும் வாங்குவான். மாமனார் வீட்டில் செய்திருப்பார்கள். அவர் சீட்டுதான் எடுத்திருந்தார், ரசீதும் வைத்திருந்தார். கோப்பு என் மேஜை வழியாகத்தான் போயிற்று. ‘ரசீது இணைக்கப்பட்டுள்ளது, பக்கம் 7 காண்க’ என்று குறிப்பு எழுதி மேலே வைத்தேன். பக்கம் 7ஐத் திருப்பிப் பார்க்க அவர்களுக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. கடைசியில் ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று கோப்பை மூடினார்கள். அதற்குள் அவருடைய பதவி உயர்வு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. கோப்பை மூடிய பிறகும் கேன்டீனில் பேச்சு மூடவில்லை. “ஒண்ணுமே இல்லாமலா எழுதுவாங்க?” அந்த மனிதர் ஓய்வு பெறுகிற வரைக்கும் இந்தக் கேள்வி அவர் பின்னாலேயே போனது.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் சின்ன வகுப்பிலேயே லா ஃபொன்தேன் கதைகளை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அதில் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஈசாப் காலத்துக் கதை. என் தண்ணீரைக் கலக்குகிறாய் என்கிறது ஓநாய். நான் ஓடையில் உங்களுக்குக் கீழே நிற்கிறேன், எப்படிக் கலக்க முடியும் என்கிறது குட்டி. போன வருஷம் என்னைத் திட்டினாய். போன வருஷம் நான் பிறக்கவேயில்லை. அப்படியென்றால் உன் அண்ணன். எனக்கு அண்ணன் கிடையாது. சரி, உங்கள் கூட்டத்தில் எவனோ ஒருவன். இந்த இடம் வரும்போது எங்கள் வாத்தியார் நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார். ஓநாய் ஒவ்வொரு வாதத்திலும் தோற்றுக்கொண்டே வருகிறது, ஆனால் முடிவு மட்டும் முதல் வரியிலிருந்து மாறவில்லை. காரணத்திலிருந்து முடிவுக்கு அது போகவில்லை. பசியிலிருந்து காரணத்துக்குப் போகிறது. தொலைக்காட்சி விவாதம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஓநாய் ஞாபகம் வந்துவிடும்.

மற்றவை சில்லறை. “நீ மட்டும் யோக்கியமா?” என்பது சொன்னவனைப் பற்றியது, சொன்ன விஷயத்தைப் பற்றியது அல்ல. “எங்க தாத்தா பீடி குடிச்சே தொண்ணூறு வயசு வாழ்ந்தார்” என்பது திட்டாந்தப் போலிக்குப் பக்கத்து வீடு. தாத்தாவோடு சேர்ந்து பீடி குடித்து ஐம்பதிலேயே போனவர்கள் டீக்கடைக்கு வந்து சாட்சி சொல்ல முடியாது.

எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். இங்கே கடுவெளிச் சித்தர் கதையைச் சொல்லாத வீடு இல்லை. மழை பொய்த்த காலத்தில் சித்தர் தவத்தில் இருக்கிறார். அவர் தவத்தின் உஷ்ணத்தால்தான் மழை இல்லை என்று அரசன் முடிவு கட்டி, வள்ளி என்ற தாசியை அனுப்பித் தவத்தைக் கலைக்கிறான். பிறகு கோயில் விழாவில் அவள் ஆடும்போது காற்சிலம்பு கழன்று விழுகிறது. ஆட்டம் கெடக்கூடாதே என்று சித்தர் எடுத்து அவள் காலில் பூட்டிவிடுகிறார். கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. மனம் நொந்து சித்தர் பாட, லிங்கம் மூன்று துண்டாகத் தெறிக்கிறது. ஊர் பாலையாகட்டும் என்று சாபம். காலில் விழுந்து கெஞ்சிய பிறகு, ஒரு காலத்தில் தூர தேசத்து மக்கள் வந்து இந்த மண்ணைப் பசுமையாக்குவார்கள் என்று விமோசனம்.

1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடங்கியது. எங்கள் சுற்றுவட்டாரம் அப்போது செம்மண் பொட்டல்தான். மழை பெய்தால் மண் ரத்தச் சிவப்பாகக் கரைந்து கடலுக்கு ஓடும். இன்றைக்கு அதே இடத்தில் காடு. ஆகவே சாபம் பலித்தது, விமோசனமும் பலித்தது என்கிறார்கள். ஒன்றுக்குப் பின் ஒன்று வந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று கொள்வதை லத்தீனில் ‘போஸ்ட் ஹோக்’ என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நம் ஆட்கள் அதற்கு முன்பே, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று முடித்துவிட்டார்கள். மண் போனதற்குக் காரணம், மரம் வெட்டியதும், மேய்ச்சலில் தழைய விடாமல் செய்ததும், மழைத் தண்ணீர் நிற்க வரப்பில்லாததும். பசுமை வந்ததற்குக் காரணம், வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்து நம் ஊர்க்காரர்களும் கரை போட்டு, தண்ணீரை நிறுத்தி, வெயிலில் குடம் சுமந்து கன்று நட்டது. கரை போடாத இடத்தில் ஓடை இன்னும் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது. சாபம் நீங்கியது என்றால் அங்கேயும் அல்லவா நின்றிருக்க வேண்டும்? இதைச் சொன்னால் கோயிலுக்கு விரோதி என்று நினைக்கிறார்கள். நான் பிரதோஷத்துக்குத் தவறாமல் போகிறவன்.

கதையை நான் தள்ளவும் இல்லை. அந்தக் கூட்டம் சிரித்த இடத்தைப் பாருங்கள். சித்தர் ஒரு பெண்ணின் காலைத் தொட்டார், உண்மை. மோகம் கொண்டவன் தொடுவான், அதுவும் உண்மை. அதே காலை வைத்தியர் தொடுவார், தகப்பன் தொடுவான், விழுந்த சிலம்பை எடுத்துக் கொடுக்கிறவனும் தொடுவான். அச்சு அசல் அநைகாந்திகம். அரசனுடைய முடிவும் அப்படித்தான்: சித்தர் உட்கார்ந்தார், மழை நின்றது, ஆகவே சித்தரால் நின்றது. இந்த இரண்டையும் வைத்துக் கதை சொன்னவர் ஒரு ஊரையே பாலையாக்கியிருக்கிறார். அதே கதையை வைத்து நாம் அரசனுடைய தர்க்கத்தையே தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறோம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் எங்கள் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு போட்டோ. மோட்டார் சைக்கிளில் போர்வை மூட்டையோடு ஒரு வடநாட்டுப் பையன். கீழே: ‘வீடு வீடாக நோட்டம் விடுகிறான், உஷார், எல்லோருக்கும் பகிரவும்.’ வீட்டு வாசலில் நின்றானாம், உள்ளே எட்டிப் பார்த்தானாம், தமிழ் சரியாக வரவில்லையாம். போர்வை விற்கிறவன் வாசலில் நிற்காமல், ஆள் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்காமல், வேறெப்படி விற்பான் என்று கேட்டு எழுதினேன். பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் நேரில் வந்துவிட்டார்.

“ஐயா, நீங்க சொல்றது படிச்சவங்க ஞாயம். நாளைக்கு ஒரு புள்ள காணாமப் போனா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?”

நியாயமான கேள்வி. இரண்டு சின்னக் குழந்தைகளின் தகப்பன் அவர். தர்க்கப் புத்தகம் இதற்குப் பதில் சொல்லாது என்று நினைக்கிறவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை.

“தம்பி, சந்தேகப்படாதேன்னு நான் சொல்லல. சந்தேகம் வேற, முடிவு வேற. சந்தேகம் இருந்தா அவன்கிட்டயே பேர், ஊர், எங்க தங்கியிருக்கான்னு கேளு. திருப்தி இல்லேன்னா 112க்கு போன் போடு. குழந்தை விஷயம்னா 1098 இருக்கு. போட்டோவை இருநூறு பேருக்கு அனுப்பினா அதுல எத்தனை பேர் போன் போடுவான், எத்தனை பேர் கட்டையைத் தூக்குவான்னு உனக்குத் தெரியுமா?”

அவர் பதில் சொல்லவில்லை. போளூர் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது ஞாபகம் இல்லை. 2018இல் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. போனை எடுத்து, குழுவிலிருந்து அந்தப் படத்தை நீக்க முடியுமா என்று தடவிப் பார்த்தார். நேரம் ஆகிவிட்டதால் அனுப்பியவருக்கே அது முடியாதாம், குழுவை நடத்துகிறவர்தான் நீக்க வேண்டுமாம். அவருக்குப் போன் போட்டோம். சாயந்தரம் படம் போய்விட்டது. அதற்குள் அது வேறு எத்தனை குழுவுக்குப் போயிருந்ததோ. போர்வைக்காரப் பையன் இந்த மாதம் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை.