கண்ணாடிப் பெட்டிக்குள் கோச்சி வேண்டாம்



கொஞ்சம் நீண்ட பதிவு. முழுக்க வாசித்துவிட்டு ஏசுங்கள்.

லண்டனில் இருந்து திரும்பி வந்து எங்கள் அளவெட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்த ஐயா, தன் வளவில் போட்ட சின்னக் கோச்சிப் பாதை கனபேருக்குத் தெரியும். 45 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளம், கிணற்றடியைச் சுற்றி மாமரத்துக்குக் கீழால் போய் வரும். எஞ்சின் பற்றரியில் ஓடுவதல்ல. செப்புக் கொதிகலன், உள்ளே பியூட்டேன் காஸ் நெருப்பு, இரண்டு பக்கமும் சிலிண்டர். பெரிய எஞ்சின் எப்படி ஓடியதோ அப்படியே ஓடும். ஐயா மௌத்தான பிறகு பிள்ளைகள் அதை வாசிகசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்து, கீழே ஐயாவின் பெயரைப் பொறிக்கலாம் என்று கதை நடக்கிறது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நாங்கள் சம்மதமில்லை. நாங்கள் என்றால், ஒன்றரை வருடமாக அதைக் கழற்றிப் பூட்டி ஓட்டிக்கொண்டிருக்கிற ஒரு வாத்தியாரும் ஏழு பிள்ளைகளும்.

நீராவி எஞ்சின் சும்மா வைத்தால் அப்படியே இருக்கும் சாமான் இல்லை. உள்ளே தங்கிய ஈரம் உருக்குத் துண்டுகளைத் தின்னும். ரப்பர் வளையங்கள் காய்ந்து கல்லாகும். பழைய எண்ணெய் பிசினாகி வால்வைப் பிடிக்கும். தட்சிணாமூர்த்தியின் தவிலையும் பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் கேட்டு வளர்ந்த ஊருக்கு இதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. வருடக்கணக்கில் ஆணியில் தொங்கிய தவிலை எடுத்து அடித்துப் பாருங்கள், தெரியும்.

எங்கள் பிழையையும் சொல்லிவிடுகிறோம். முதல் மாதம் கிணற்றுத் தண்ணியை ஊற்றினோம். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணி. உங்கள் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் கொதிகலனுக்குள்ளும் படிந்தது. சூடு தண்ணிக்குப் போகாமல் செப்பிலேயே நின்றது. வினாகிரியைத் தண்ணியில் கலந்து ஊற வைத்து, பல தரம் கழுவித்தான் சரிக்கட்டினோம். இப்போது வடிகட்டிய மழைத்தண்ணி மட்டும்தான். "கரைந்த உப்பு" என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்போம்! அந்த வெள்ளைத் தூளை விரலால் தொட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் இனி மறக்காது.

பிறகு காஸ் வரும் ஜெட் அடைத்தது. அதன் துளை தலைமயிர் அளவுதான். ஒரு மகன் ஊசியோடு வந்துவிட்டான். குத்தினால் துளை பெருத்துவிடும், அதற்குப் பிறகு நெருப்பு ஒழுங்காக எரியாது. கழற்றி, மறுபக்கத்தால் காற்றடித்துத்தான் எடுக்க வேண்டும். எண்ணெயும் அப்படித்தான். தையல் மெஷின் எண்ணெய் நீராவிச் சூட்டில் நிற்காது. சிலிண்டருக்கென்று தடித்த எண்ணெய் இருக்கிறது. அது இருக்கும் சின்னக் குப்பிக்குள் நீராவி போய்க் குளிர்ந்து தண்ணியாகி அடியில் தங்க, எண்ணெய் மேலே எழும்பி நீராவியோடு சிலிண்டருக்குப் போகும். ஓட்டி முடிந்ததும் அந்தத் தண்ணியைத் திறந்துவிட வேண்டும். மறந்தால் அடுத்த முறை எண்ணெய் ஊற்ற இடம் இராது.

போன வருடம் நீராவிக் குழாயின் பொருத்து விட்டுப்போனது. ஈயம் வைத்து ஒட்டலாம் என்று ஒருவர் சொன்னார். சாதாரண ஈயப் பற்று 190 பாகைக்கு முன்னமே இளகத் தொடங்கும். தண்ணி வற்றினால் அந்தச் சூடு வர எவ்வளவு நேரம்? வெள்ளிப் பற்றுத்தான் வைக்க வேண்டும், அதற்கு 600 பாகைக்கு மேல் வேண்டும். ஊரில் நகை செய்யும் பத்தர் ஒருவரிடம் கொண்டுபோனோம். வெங்காரம் பூசி, வெள்ளித் துண்டு வைத்து ஊதினார். செப்பு சூட்டையெல்லாம் இழுத்துக்கொண்டது. அவருடைய சின்னச் சுவாலை போதவில்லை. கராஜ்காரத் தம்பி பெரிய காஸ் விளக்கோடு வந்து பின்பக்கத்தால் சூடு காட்ட, பத்தர் முன்னால் நின்று வெள்ளியை ஓட விட்டார். ஒருவருக்கொருவர் முன்பின் அறியாத இரண்டு தொழில்காரர். அன்று பின்னேரம் முழுக்க அவர்கள் கதைத்தது உலோகத்தைப் பற்றித்தான். அலுமாரிக்குள் இருந்திருந்தால் அந்தப் பொருத்து விட்டது யாருக்கும் தெரிந்திருக்காது.

உலகத்தில் நாங்கள் மட்டும் இப்படி யோசிக்கவில்லை. ஈஐஆர் 21 என்ற எஞ்சின் 1855இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. 1909இல் ஓய்வு கொடுத்து நூறு வருடமளவு காட்சிக்கு வைத்திருந்தார்கள். சென்னை பெரம்பூர் லோகோ பட்டறைத் தொழிலாளர் 2010இல் அதை மறுபடி ஓட வைத்தார்கள். ஊட்டி மலைக் கோச்சிக்குத் திருச்சி பொன்மலைப் பட்டறையில் இந்த நூற்றாண்டிலும் புது நீராவி எஞ்சின் செய்திருக்கிறார்கள். எங்கள் நாட்டில் கடுகண்ணாவை ரெயில் அருங்காட்சியகம் 2014இல் திறந்தது. நல்ல இடம், பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். ஆனால் அங்கே நிற்கும் எஞ்சினில் கை சுடாது.

மல்லாகம் ஸ்டேசனில் எங்கள் பிள்ளைகள் பார்ப்பது டீசல் கோச்சி மட்டும்தான். அதுவும் 1990இல் நின்று, யாழ்ப்பாணம் மட்டும் 2014 ஒக்டோபரிலும், காங்கேசன்துறை மட்டும் 2015 ஜனவரியிலும்தான் திரும்பி வந்தது. இடையில் தண்டவாளம் பங்கருக்குப் போனது. (எங்கள் ஆக்கள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனதும் அதே 1990தான். அதை இன்னொரு நாள் எழுதுவோம்.) ஓடாமல் விட்ட பாதைக்கு என்ன நடக்கும் என்று இந்த ஊருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

எதிர்த்துக் கதைப்பவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது. இது அழுத்தத்தில் ஓடுவது, பிள்ளைகளுக்கு ஆபத்து என்கிறார்கள். உண்மை. எஞ்சின் ஓடும்போது 40 பி.எஸ்.ஐ., கார் ரயரைவிடக் கூட. அதனால்தான் வருடத்துக்கொரு தரம் கொதிகலன் முட்டத் தண்ணி நிரப்பி, பைப் வேலைக்காரர் லீக் பார்க்கும் கைப்பம்பால் 80 வரை ஏற்றிப் பார்க்கிறோம். தண்ணி அமுங்காது. ஆகவே எங்கேனும் விட்டாலும் கசியுமே தவிர வெடித்துப் பறக்காது. சேஃப்டி வால்வு சரியான அளவில் திறக்கிறதா என்று தனியாகப் பார்க்கிறோம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நெருப்பு மூட்டுவதில்லை. இதற்கு மேலும் கட்டுப்பாடு வேண்டுமென்றால் எழுதித் தாருங்கள், கையெழுத்து வைக்கிறோம்.

காஸ் காசு பற்றியும் கேட்டார்கள். மாதத்தில் ஒரு நாள்தான் ஓட்டுகிறோம். அந்தச் செலவை இதுவரை நாங்களே பார்த்தோம், இனியும் பார்ப்போம்.

ஐயாவின் பெயரைத் தாராளமாகப் பொறியுங்கள். எஞ்சின் நிற்கும் கொட்டில் வாசலில் பொறியுங்கள்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வாசிகசாலையில் கூட்டம். இந்தப் பதிவுக்குக் கீழே சண்டை பிடிக்காமல் அங்கே வந்து சொல்லுங்கள். முன்னுக்கு ஒருக்கா ஓட்டிக் காட்டுவோம். மழைத்தண்ணி பிடித்து வைத்திருக்கிற ஆக்கள் ஒரு போத்தல் கொண்டு வாருங்கள், எங்களுடையது முடியப் போகிறது.