கணினி மேசைக்குள், பகடை கைக்குள்

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு 1974ல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய அதற்குத் தேவைப்பட்டவை தாள், பென்சில், பகடை, நான்கைந்து நண்பர்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் காவலனிடம் பொய் சொல்கிறேன்" என்பார்கள். அது பலிக்குமா என்பதை 20 முகப் பகடை சொல்லும். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த மேசைக்குள் கணினியையும் பொருத்தும் ஆசை எங்களைப் போன்ற இளையர்களுக்கு வந்திருக்கிறது. பல்கலைக்கழக நண்பர்களோடு சேர்ந்து நானும் விடுமுறையில் ஒன்றைச் செய்து பார்த்தேன். செய்யத் தகுந்த வேலைதான். ஆனால் கணினிக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

முதலில் மேசை. பழைய 43 அங்குலத் தொலைக்காட்சியை மல்லாக்கப் படுக்க வைத்து, சுற்றிலும் மரச்சட்டம் அடித்து, மேலே அக்ரிலிக் பலகை போட வேண்டும். பலகையின் பாரம் சட்டத்தில்தான் இறங்க வேண்டும். திரையில் இறங்கினால், யாராவது முழங்கையை ஊன்றும் அன்றோடு திரை போய்விடும். தொலைக்காட்சியின் சூடு பின்பக்கத் துளைகள் வழியாகத்தான் வெளியேறும். படுக்க வைத்தால் அவை அடியில் மாட்டிக்கொள்ளும் என்பதால் கீழே இடைவெளியும் இரண்டு சிறு மின்விசிறிகளும் அவசியம். திரையை வாங்கும்போது நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேசையைச் சுற்றி உட்காருபவர்களுக்கு அப்படித்தான் தெரியும். ஐபிஎஸ் வகைத் திரையில் நிறம் அவ்வளவாக வெளிறாது. தொலைக்காட்சியின் உட்புறத்தை மட்டும் திறக்காதீர்கள். மின்இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும்.

விசிறி, கம்பி, சுவிட்ச் எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கும். சிம் லிம் ஸ்குவேர் வேறு, இது வேறு. தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படாமல் இருந்திருந்தால் செலவு இன்னும் குறைந்திருக்கும்!

வரைபடத்தின் அளவுதான் பலரும் கவனிக்காத இடம். இந்த விளையாட்டில் ஓர் அங்குலக் கட்டம் என்பது கதையில் ஐந்தடி. 43 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 37.5 அங்குலம். 4கே திரையில் அந்த அகலத்துக்குள் 3,840 படப்புள்ளிகள். வகுத்தால் ஒரு கட்டத்துக்கு 102 புள்ளிகள். மென்பொருளில் இந்த எண்ணைக் கொடுத்துவிட்டால் பொம்மை வீரர்கள் கட்டத்துக்குள் கச்சிதமாக நிற்பார்கள். கதை நடத்துபவரின் மடிக்கணினியில் முழு வரைபடமும் இருக்கும். மேசைத் திரையிலோ வீரர்கள் பார்த்த இடம் மட்டும் வெளிச்சமாக, மற்றவை இருட்டாக இருக்கும். ஒரு கதவைத் திறந்ததும் அறை திடீரென்று ஒளிர்கிறதே, அதற்காகவே இவ்வளவு வேலையும் தகும்.

இந்த யோசனை புதிதன்று. மைக்ரோசாஃப்ட் 2007லேயே தொடுதிரை மேசையை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் அதில் இதே விளையாட்டை ஓட்டிக் காட்டினார்கள். அந்த மேசை வீடுகளுக்கு வந்து சேரவில்லை. விலை ஒரு காரணம். இன்று தூக்கிப்போடும் தொலைக்காட்சியே அந்த வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது.

மீதிப் பாதியை, அதாவது பகடை உருட்டுவது, கூட்டுவது, வெற்றி தோல்வியை அறிவிப்பது எல்லாவற்றையும் கணினியிடம் விட்டுவிடலாம் என்பவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். வேகமாக முடியும் என்பது அவர்கள் வாதம். எனக்கு உடன்பாடில்லை. பகடை உருண்டு நிற்கும் அந்த இரண்டு விநாடியில்தான் ஆறு பேரும் ஒரே இடத்தைப் பார்க்கிறோம். கைப்பேசியில் ஆளுக்கொரு பொத்தானை அழுத்தினால் ஆளுக்கொரு திரைதான் மிஞ்சும். கொவிட்-19 காலத்தில் இணையத்தில் விளையாடியவர்களுக்கு அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசைகள் இருக்கின்றன அல்லவா? அங்கே இரண்டு தாத்தாக்கள் ஆடினால் நான்கு பேர் சுற்றி நின்று யோசனை சொல்வார்கள். எங்கள் மேசையும் அப்படி இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

'பகடை' என்றதும் வீட்டில் சூதாட்டம் என்று முகம் சுளிப்பார்கள். மகாபாரதம் செய்த வேலை. கீழடி அகழாய்விலும் பகடைக்காய்கள் கிடைத்திருக்கின்றன என்று சொல்லிப் பார்க்கலாம்.

எனக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. என் வயதினர் பலருக்குத் தமிழ் என்றால் வாய்மொழித் தேர்வு. படத்தைப் பார்த்து, மதிப்பெண் போகாமல் பேசுவது. அந்தத் தமிழில் யாரும் பொய் சொல்வதில்லை, மிரட்டுவதில்லை, பேரம் பேசுவதில்லை. கதைமேசையில் மூன்றையும் செய்தே ஆக வேண்டும். காவலனை ஏமாற்றத் தமிழ் வேண்டும் என்றால் சொல் தானாகத் தேடி வருகிறது. வராதபோது பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கிறார். பாதி ஆங்கிலம் கலக்கிறது, கலக்கட்டும். எங்களுக்குள் தீராத சண்டை ஒன்றுதான்: பகடையில் 20 விழுந்தால் "தாயம்!" என்று கத்துவதா, 1 விழுந்தால் கத்துவதா? பாட்டியின் ஆட்டத்தில் ஒன்றுதான் தாயம். அது விழுந்தால்தான் காய் இறங்கும். இந்த விளையாட்டில் ஒன்று விழுந்தால் வாள்வீச்சு குறிதவறும்.

அடுத்த கதைக்கு அரக்கர் கோட்டை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். தேக்கா வட்டாரத்தைத் தமிழர்கள் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்த காலம் ஒன்று இருந்தது. சுண்ணாம்புக் காளவாய்கள், எருமைத் தொழுவங்கள், சற்றுத் தள்ளி ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் தந்த குதிரைப் பந்தயத் திடல். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று எருமைகள் இன்னும் பெயர்ப்பலகையில் நிற்கின்றன. இரவில் ஓர் எருமை காணாமல் போகிறது என்பதில் கதை தொடங்கும். வரைபடத்தை, ஒரு கட்டத்துக்கு 102 புள்ளி வீதம், இப்போது வரைந்துகொண்டிருக்கிறோம்.