வியர்க்காத வேட்பாளர்

நியூஜெர்சியில் இருக்கும் தங்கை மகன் அனுப்பிய குறுஞ்செய்திகளைப் படித்ததிலிருந்து இந்த வாரம் முழுக்க எரிச்சல். குடியுரிமை கிடைத்த உற்சாகத்தில் எப்போதோ ஒரு வேட்பாளருக்கு 10 டாலர் கொடுத்தானாம். அன்று முதல், அவன் கேள்விப்பட்டே இராத ஊர் வேட்பாளர்களெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையேந்துகிறார்கள். இன்று நள்ளிரவுக்குள் 5 டாலர் வராவிட்டால் நாடே போச்சு என்கிறது ஒன்று. உன்னை நம்பினோமே என்று மூக்கைச் சிந்துகிறது இன்னொன்று. “எங்கம்மாகூட என்னை இப்படிப் பேசினதில்ல மாமா” என்கிறான்.

2024 அமெரிக்கத் தேர்தலில் எலான் மஸ்க் இறக்கிய பணம் 25 கோடி டாலருக்கு மேல். வேட்பாளரிடம் நேரடியாகக் கொடுத்தால் ஒரு தேர்தலுக்கு 3,300 டாலரைத் தாண்டக் கூடாது என்பது அப்போதைய விதி. ‘வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செலவழிக்கிறோம்’ என்னும் ‘சூப்பர் பேக்’ குழுக்களுக்கோ 2010இல் வந்த தீர்ப்புகளுக்குப் பிறகு வரம்பே கிடையாது. அப்படியிருக்க இவனுடைய 5 டாலருக்கு ஏன் இத்தனை அழுகை? காரணம் இருக்கிறது. தேர்தல் நெருங்கும் வாரங்களில் வேட்பாளரின் சொந்தக் கணக்கிலிருந்து வரும் விளம்பரத்துக்கு, தொலைக்காட்சி நிலையங்கள் தங்களுடைய மிகக் குறைந்த கட்டணத்தைத்தான் வாங்க வேண்டும் என்பது சட்டம். சூப்பர் பேக்குக்கு அந்தச் சலுகை இல்லை. நிலையம் கேட்பதுதான் விலை. ஆக, மஸ்கின் டாலரைவிட என் மருமகனின் டாலருக்கு அதிக விநாடிகள் கிடைக்கும்.

தொலைக்காட்சி என்றதும் நான் எங்கே போய் நிற்பேன் என்று வழக்கமான வாசகர்களுக்குத் தெரியும். ஆமாம், மறுபடியும் ஜோ மெக்கின்னிஸ்தான். 1968 அதிபர் தேர்தலைப் பற்றி அவர் எழுதிய ‘தி செல்லிங் ஆஃப் தி பிரசிடென்ட் 1968’ புத்தகம். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

மெக்கின்னிஸ் அப்போது இருபதுகளில் இருந்த பத்திரிகைக்காரர். வேட்பாளர்களின் விளம்பரக்காரர்கள் வேலை செய்வதைக் கூடவே இருந்து பார்க்கிறேன் என்று முதலில் ஹம்ஃப்ரி பக்கம் கேட்டார்; முடியாது என்றுவிட்டார்கள். அவரை எதிர்த்து நின்ற நிக்சன் பக்கம் கேட்டார்; வந்து உட்கார் என்றார்கள். என்ன தைரியமோ, என்ன அலட்சியமோ! ஒளிவுமறைவில்லாமல் அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் பேசினார்கள்.

1960இல் கென்னடியோடு நடந்த விவாதத்தில் வியர்த்து வழிந்தவர் நிக்சன். அதனால் 1968இல் அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு ஸ்டூடியோவை மணிக்கணக்கில் முன்னதாகவே குளிரவைத்தார்கள். ஏற்பாடெல்லாம் ரோஜர் எய்ல்ஸ் என்ற இளைஞர். (பிற்காலத்தில் ஃபாக்ஸ் நியூஸை நடத்தியவரேதான்.) நிக்சனைச் சுற்றிச் சாதாரண மக்கள் சிலர் உட்கார்ந்து, மனதில் பட்டதைக் கேட்பார்கள், அவர் பதில் சொல்வார். அந்தச் ‘சாதாரண மக்களை’ எய்ல்ஸ் பொறுக்கிய அழகு இருக்கிறதே! கறுப்பினத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இரண்டாவது ஆள் வேண்டாம். பிலடெல்பியா நிகழ்ச்சிக்கு ஒரு மனநல மருத்துவரைப் போட்டிருந்தார்கள். நிக்சனுக்கு அந்த வகை மருத்துவர்களைக் கண்டாலே ஆகாது என்று தகவல் வந்ததும் அவரைக் கழற்றிவிட்டு, டாக்சி ஓட்டுநர் ஒருவரைத் தேடினார்கள்.

நிருபர்களுக்கு அரங்கத்துக்குள் அனுமதி இல்லை. வேறு அறையில் பெட்டியில் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே உள்ளூர்க் கட்சிக்காரர்கள் திரட்டிவந்த கூட்டம். எப்போது கைதட்டுவது என்று நிகழ்ச்சிக்கு முன்பே ஒருவர் சொல்லிக்கொடுப்பார். முடிந்ததும் எல்லாரும் ஆசை அடக்கமாட்டாமல் எழுந்து ஓடி நிக்சனைச் சூழ்ந்துகொள்ள வேண்டும். அதற்கும் கைதட்டச் சொல்லிக்கொடுத்தவரிடமே பயிற்சி.