ஜூம் பண்ணினா படம் மங்குதா? லென்ஸைத் திட்டும் முன் இதைச் செய்யுங்க!

செகண்ட் ஹேண்டில் 70-300 எம்.எம் ஜூம் லென்ஸ் வாங்கி, ஆசையாகப் பள்ளிக்கரணைக்குப் போய் பூநாரையை எடுத்தால், பஞ்சு மிட்டாய் மாதிரி மங்கலாக வருகிறதா? 'ஏமாந்துட்டோமோ' என்று பதற வேண்டாம். உச்சி வெயிலில் தூரத்துப் பறவையை எடுத்தால், சூடான காற்றின் அலைச்சலே படத்தைக் கெடுத்துவிடும். லட்ச ரூபாய் லென்ஸும் இதற்குத் தப்பாது.

காலை வெளிச்சத்தில், மொட்டை மாடிச் சுவரில் நியூஸ் பேப்பரை ஒட்டுங்கள். இருபத்தைந்து அடி தள்ளி டிரைபாடில் கேமரா. யுவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், பல நேரம் வில்லனே அந்த மலிவு ஃபில்டர்தான். ஸ்டெபிலைசேஷனை ஆஃப் செய்து, 2 செகண்ட் டைமரில், 300-ல் வைத்து எடுங்கள். முதலில் எஃப் 5.6, அடுத்து எஃப் 8.

எஃப் 8-ல் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தால் பயமில்லை. பட்ஜெட் ஜூம்கள் 300-ல் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். டி.எஸ்.எல்.ஆரில் வ்யூஃபைண்டர் வழியே எடுத்தால் மங்கல், லைவ் வியூவில் தெளிவு என்றால் அது ஃபோகஸ் பிரச்னை. சில மாடல்களில் மெனுவிலேயே சரிசெய்யலாம்.

ஒரு மூலை மட்டும் மங்குகிறதா? கேமராவைத் தலைகீழாக வைத்து மறுபடி எடுங்கள். அப்போதும் ஃப்ரேமின் அதே மூலை மங்கினால், லென்ஸுக்குள் கண்ணாடி விலகியிருக்க வாய்ப்பு அதிகம். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் அந்தப் படங்களோடு விற்றவரிடம் போய்விடுங்கள்.