பழைய காமிராவைத் தள்ளிவிடாதீர்கள்!

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் பக்கத்தில் கரிசல் காட்டில் இருக்கும் ஊர் எம்.ரெட்டியபட்டி. மழையை நம்பிய பூமி. பருத்தியும் மல்லியும் மிளகாயும் விளைந்தால் கையில் காசு. விளையாவிட்டால் ஆட்டை விற்றுத்தான் செலவு செய்ய வேண்டும்.

அங்கே என் தங்கை குடும்பம் இருக்கிறது. சென்ற மாதம் தங்கை மகன் வந்தான்.

"மாமா, வீட்டில் இருக்கும் வீடியோ காமிரா மக்கர் பண்ணுது. படம் கட்டம் கட்டமா வருது. கடையில் பழசை எடுத்துக்கிட்டு 500 ரூபாய் கழிப்பாங்களாம். புதுசு ஒண்ணு வாங்கிடலாமா?" என்று கேட்டான்.

"வாங்கலாம். பீரோவில் 14 காசெட் இருக்கிறதே, அதை எல்லாம் எதில் போட்டுப் பார்ப்பாய்?" என்றேன்.

பையன் பேசவில்லை.

அந்தக் காமிரா அவனுடைய சித்தப்பா 2003-ல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய காசெட் போட்டுப் படம் பிடிக்கும். 'மினி டி.வி.' காசெட் என்று பெயர். அந்தக் காசெட்டை வீட்டு டெக்கில் போட முடியாது. டி.வி.டி. பிளேயரில் போட முடியாது. அந்த வகைக் காசெட் போடும் காமிராவில்தான் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். காமிராவை 500 ரூபாய்க்குக் கொடுத்தால் 14 காசெட்டையும் சேர்த்துக் கொடுத்த மாதிரிதான்!

அதில் ஒன்றில் இவனுடைய காதுகுத்து இருக்கிறது. இவனுடைய அப்பத்தா பேசிக்கொண்டே பந்தியில் நடந்து வருவார். அந்த அம்மாள் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. வீட்டில் அவருடைய போட்டோ உண்டு. குரல் அந்தக் காசெட்டில் மட்டும்தான்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். புதுக் காமிராவின் விலை என்பது கடைக்காரர் சொல்லும் விலை அல்ல. பழைய காசெட்டுகளைக் காப்பி எடுக்கும் செலவும், புதுப் படங்களைப் பத்திரப்படுத்தும் செலவும் சேர்ந்ததுதான் விலை. பணம் போதாவிட்டால் காமிராவில் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டில் குறைக்காதீர்கள்.

9,000 சுற்று!

காசெட்டுக்குள் இருக்கும் நாடாவின் அகலம் 6.35 மில்லிமீட்டர். காமிராவுக்குள் ஒரு சின்ன உருளை சுற்றுகிறது. நிமிஷத்துக்கு 9,000 சுற்று! உருளையில் பதித்த நுண்ணிய 'தலை' நாடாவை உரசிக்கொண்டே படத்தை எழுதுகிறது, படிக்கிறது. நம் கரிசல் புழுதி அதில் ஒரு துளி படிந்தால் போதும், படம் கட்டம் கட்டமாக உடையும்.

ஆகவே படம் உடைந்தால் காமிரா செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். தலையைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு காசெட் உண்டு. அதைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டினால் பல காமிராக்கள் பிழைத்துக்கொள்ளும். அதிகம் ஓட்டினால் தலை தேய்ந்துவிடும். துணியை உள்ளே விட்டுத் துடைப்பவர்கள் உண்டு. அது காரியத்தைக் கெடுக்கும்.

இந்தக் கவலை எம்.ரெட்டியபட்டிக்கு மட்டும் உரியது அல்ல. பெரிய காசெட்டான வி.எச்.எஸ். 1976-ல் ஜப்பானில் வந்தது. காசெட்டை உள்ளேயே வைத்துப் படம் பிடிக்கும் வீட்டுக் காமிரா 1983-ல் வந்தது. டிஜிட்டல் காசெட் 1995-ல் வந்தது. 2016 ஜூலையில், கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த 'புனாய்' என்ற ஜப்பான் கம்பெனியும் அந்தத் தொழிலை நிறுத்திவிட்டது. 2019-ல் யுனெஸ்கோ சபை ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2025 வாக்கில் நாடாக்களைப் போட்டுக் கேட்கவும் பார்க்கவும் இயந்திரம் கிடைப்பது அரிதாகிவிடும் என்பதே அது. அந்த வருஷம் வந்து போய்விட்டது!

காப்பி எடுப்பது எப்படி?

பழைய காமிரா ஓடுகிறதா? அப்படியானால் பாதி வேலை முடிந்தது. முதலில் காசெட்டின் ஓரத்தில் உள்ள சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளுங்கள். பிறகு தவறிப்போய் அதன் மேல் புதிதாகப் பதிய முடியாது.

டிஜிட்டல் காசெட்டை 'பயர்வயர்' என்ற கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றினால் படம் ஒரு புள்ளி குறையாமல் வரும். ஆனால் இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் அந்தத் துளை கிடையாது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஸ்டுடியோவைத் தேடிப் பிடியுங்கள். கிடைக்கவில்லையா? மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை உள்ள கம்பியை யு.எஸ்.பி. கருவியில் சொருகிப் பதியலாம். படம் சற்று மங்கும். இல்லாமல் போவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஒரு மணி நேரக் காசெட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். இதில் குறுக்கு வழி கிடையாது. 14 காசெட்டுக்கு 14 மணி நேரம். எந்தக் காசெட்டில் வயதானவர்கள் பேசுகிறார்களோ, அதை முதலில் போடுங்கள். நடுவில் காமிரா நின்றுபோனாலும் வேண்டியது கைக்கு வந்திருக்கும்.

4கே என்ற மயக்கம்

இப்போது புதுக் காமிராவுக்கு வருவோம்.

கடைக்குப் போனால் "4கே எடுங்கள் சார்" என்பார்கள். பழைய காசெட் படத்தில் சுமார் 4 லட்சம் புள்ளிகள். எச்.டி. படத்தில் 20 லட்சம். 4கே படத்தில் 80 லட்சத்துக்கு மேல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 64 ஜி.பி. கார்டில் நல்ல எச்.டி. படம் 5 மணி நேரம் பிடிக்கலாம். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பிடித்தால் ஒன்றரை மணி நேரம்கூட வராது. கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் கார்டு நிறைந்தால் என்ன செய்வது? அதை வெட்டி ஒட்ட விலையுயர்ந்த கம்ப்யூட்டரும் வேண்டும். குடும்பத்துக்கு எச்.டி. போதும் என்பேன்.

அதைவிட மோசம், ஊர் பேர் தெரியாத மலிவுக் காமிராக்கள். பெட்டியில் '4கே' என்றும் '16 மடங்கு ஜூம்' என்றும் அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது 'டிஜிட்டல் ஜூம்'. படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவதுதான் அது. நீங்கள் கேட்க வேண்டியது 'ஆப்டிகல் ஜூம்'. லென்சே முன்னும் பின்னும் நகர்ந்து தூரத்தைக் கிட்டே கொண்டுவருவது அது. பொங்கல் சாட்டியிருக்கும்போது கூட்டத்துக்கு வெளியே நின்று முளைப்பாரியைப் படம் பிடிக்க அது தேவை.

வீட்டுக்குள் குழந்தை தவழ்வதைப் பிடிக்க மட்டும்தானா? அப்படியானால் காமிராவே வேண்டாம். கையில் இருக்கும் போனோடு ஒரு மூன்று கால் ஸ்டாண்டும் சட்டையில் மாட்டும் மைக்கும் வாங்குங்கள். ஆட்டை விற்காதீர்கள்!

மூன்று மணி நேரம் நாடகம், கல்யாணம் என்று பிடிப்பவர்களுக்குத்தான் தனிக் காமிரா. அவர்கள் பழையதாக வந்த, கார்டு போடும் எச்.டி. காமிராவை வாங்கினாலும் தவறில்லை. டார்ச் அடித்து லென்சைப் பாருங்கள். கடற்கரை ஊரில் இருந்த காமிரா என்றால் பூஞ்சை பிடித்திருக்கலாம். பாட்டரி உப்பியிருந்தால் வேண்டாம்.

மைக் சொருகத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். படம் கொஞ்சம் மங்கினால் மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். குரல் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுகிறார்கள். நம் காட்டுக் காற்று மைக்கில் மோதினால் 'ஓ'வென்று இரையும். மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வாங்கி வருகிறேன் என்றால், ஒரு கேள்வி கேளுங்கள். விநாடிக்கு 25 அல்லது 50 படம் பிடிக்க அதில் வசதி உண்டா? நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அமெரிக்காவில் 60. அந்த ஊர்க் கணக்கிலேயே பிடித்தால் பந்தல் டியூப் லைட் எல்லாம் படத்தில் துடிதுடிக்கும்.

கார்டு பீரோ அல்ல

காசெட்டில் ஒரு நன்மை இருந்தது. படம் பிடித்ததும் பேர் எழுதிப் பீரோவில் வைத்தோம். தானாகவே பத்திரமாயிற்று. கார்டு அப்படி அல்ல. அடுத்த விசேஷத்துக்கு அதையே அழித்துப் போடுகிறோம். காப்பி எடுத்தாயிற்று என்று ஒருவர் நினைக்க, இன்னொருவர் அழித்துவிடுவார். 2003-ல் எடுத்த காதுகுத்து இருக்கிறது. போன வருஷம் எடுத்த வளைகாப்பு இல்லை என்ற வீடுகள் எத்தனையோ!

அதனால் இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். இரண்டிலும் ஒரே படங்கள். ஒன்று உங்கள் வீட்டில். மற்றது கட்டிக்கொடுத்த மகள் வீட்டில். வருஷத்துக்கு ஒரு முறையாவது போட்டுப் பாருங்கள்.

தங்கை மகன் சுத்தம் செய்யும் காசெட்டைத் தேடி வாங்கினான். மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் பழைய கம்ப்யூட்டர் அகப்பட்டது. 14-ல் 12 காசெட் ஓடின. இரண்டு ஓடவில்லை. அவற்றில் என்ன இருந்தது என்று மேலே எழுதிவைக்கவும் இல்லை.

காதுகுத்துக் காசெட் ஓடியது. அப்பத்தா வருகிறார். "சின்னவனுக்கு இன்னும் ரெண்டு வடை வையுங்க" என்கிறார். தங்கை அதை நாலு தடவை போடச் சொன்னாளாம்.

புதுக் காமிரா இன்னும் வாங்கவில்லை. தை மாதம் அவனுடைய தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் வாங்கிவிடுவான். ஹார்டு டிஸ்க் மட்டும் இரண்டு வாங்கியாயிற்று.