'இன்னும் 2 நிமிடம்தான்...' அவசரப்படுத்தும் ஆப்கள்: 'டார்க் பேட்டர்ன்' என்றால் என்ன?

ஆன்லைனில் டிக்கெட் புக் செய்கிறீர்கள். பணம் கட்டும் கடைசி பக்கத்துக்கு வந்தால் தொகை கூடியிருக்கிறது. நீங்கள் கேட்காத காப்பீடும் நன்கொடையும் தானாகவே 'டிக்' ஆகியிருக்கின்றன. இது தற்செயல் இல்லை. இப்படி ஏமாற்றும் வடிவமைப்புக்குப் பெயர்தான் 'டார்க் பேட்டர்ன்'.

பெயர் வைத்தது யார்?

பிரிட்டனைச் சேர்ந்த யுஎக்ஸ் வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல், 2010-ல் இந்தப் பெயரை வைத்தார். பயனருக்கு வேலையை எளிதாக்குவதுதான் யுஎக்ஸ் துறையின் நோக்கம். மனிதர்கள் எதைப் படிக்காமல் தாண்டுவார்கள், எங்கே சட்டுனு பட்டனை அழுத்துவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை நமக்கு எதிராகவே திருப்பினால், அது டார்க் பேட்டர்ன்.

இந்தியாவில் தடை உண்டா?

உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டு, 13 வகைகளைப் பட்டியலிட்டது. அவற்றில் நாம் அடிக்கடி பார்ப்பவை:

● பொய் அவசரம்: 'ஒரே ஒரு அறைதான் மீதி' என்று பதற வைப்பது.
● கூடையில் திணிப்பு: கேட்காத பொருளையோ சேவையையோ பில்லில் சேர்ப்பது.
● கூச்சப்பட வைப்பது: 'வேண்டாம், என் குடும்பத்துக்குப் பாதுகாப்பு தேவையில்லை' என்ற பட்டனை அழுத்தச் சொல்வது.
● சந்தா பொறி: சேர ஒரு கிளிக், விலக பத்துப் பக்கம்.
● மறைந்திருக்கும் விலை: கட்டணங்களை ஒவ்வொன்றாகக் கடைசியில் காட்டுவது.

பிறகு ஏன் தொடர்கிறது?

இங்கேதான் விவாதமே. 'ஒரே அறைதான் மீதி' என்பது உண்மையாக இருந்தால் அது பயனுள்ள தகவல். பொய்யாக இருந்தால் ஏமாற்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். உண்மை, நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது.

2025 ஜூனில், இ-காமர்ஸ் தளங்கள் 3 மாதங்களுக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று ஆணையம் அறிவுறுத்தியது. தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்தினால் மார்க் எப்படி இருக்கும் என்ற கேள்வி எழுவது இயல்புதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு டிசைன்களை ஒரே நேரத்தில் சோதித்து, எது அதிகம் விற்கிறதோ அதையே நிறுவனங்கள் வைத்துக்கொள்கின்றன. யாரும் ஏமாற்ற நினைக்காவிட்டாலும், குழப்பும் டிசைன் ஜெயித்துவிடலாம்.

வெளிநாடுகளில் என்ன நிலை?

பிரைம் சந்தாவில் மக்களை ஒப்புதல் இல்லாமல் சேர்த்ததாகவும், விலகுவதைக் கடினமாக்கியதாகவும் அமேசான் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-ல் வழக்குத் தொடர்ந்தது. தவறை ஒப்புக்கொள்ளாத அமேசான், 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர சம்மதித்தது. இதில் 150 கோடி, வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கான தொகை.

நீங்கள் என்ன செய்யலாம்?

● பணம் கட்டும் முன் பில்லை வரி வரியாகப் பாருங்கள். தேவையில்லாத 'டிக்'குகளை எடுத்துவிடுங்கள்.
● யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து, எதற்கெல்லாம் மாதாமாதம் பணம் போகிறது என்று பாருங்கள்.
● சந்தேகம் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள்.

20 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். பல லட்சம் பேர் அப்படி நினைப்பார்கள் என்ற கணக்கில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது.